நரியைச் சொல்லாத கதை

ராஜகுளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு, விடுமுறை நாட்களில், பக்கத்துத் தெருச் சிறுமி ஒருத்தி வருவாள். ஒன்பது வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. சென்னையில் விடுதியில் தங்கிப் பிரெயில் எழுத்துக் கற்கிறாள். ஆசிரியப் பணியினின்று ஓய்வுபெற்ற எங்கள் இருவருக்கும் அவள் வரும் நாளே விடுமுறை நாள். கதை கேட்பதில் அவளுக்கு அப்படியொரு தீராப் பசி.

சென்ற கோடையில், எழுத்தை உரக்கப் படிக்கும் வசதியுள்ள எங்கள் கைப்பேசியில் சிறுவர் படநூல் ஒன்றைத் திறந்து அவளிடம் கொடுத்தோம். கருவி ஒரு வரியைப் படித்தது. பிறகு "படம்" என்றது. மற்றொரு வரி, மீண்டும் "படம்". நான்காம் பக்கத்தில் அவள் கைப்பேசியைத் திண்ணைமேல் வைத்துவிட்டாள். "படம் படம்னு சொல்லுதே ஆயா, என்ன படம்னு சொல்லாதா?"

அன்றே நாங்கள் ஒரு நோட்டை எடுத்துப் படங்களைச் சொல்லால் எழுதத் தொடங்கினோம். நாற்பதாண்டுகள் பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்திய கைகள் அல்லவா, இதிலென்ன கடினம் என்று எண்ணியிருந்தோம். முதற்படத்திற்கு, "அழகிய சிற்றூர். சிறுமி சோகமாக அமர்ந்திருக்கிறாள்" என்று எழுதிப் படித்துக் காட்டினோம். "சோகம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? படத்துல என்ன இருக்குது?" என்றாள். மீண்டும் படத்தைப் பார்த்தோம். முழங்காலில் முகவாய், பக்கத்தில் தொடாத சோற்றுத் தட்டு. நாங்கள் எழுதியது படத்தையன்று, எங்கள் முடிவை.

நிறங்களிலும் தவறினோம். காணாத நிறத்தைச் சொல்லி அவள் மனத்தை வருத்துவானேன் என்று அவற்றை விட்டுவிட்டோம். "பாவாடை என்ன கலரு? விடுதியில எல்லாரும் கலரு பேசுவாங்களே, நான் மட்டும் பேசக்கூடாதா?" என்றாள். இரக்கம் என்று நாங்கள் கருதியது அவளைப் பேச்சிலிருந்து வெளியே நிறுத்தியிருந்தது.

பிறர் நூலில் இவ்வாறு சேர்த்து எழுதலாமா என்ற ஐயம் எழுந்தது. 2012-இல் திருத்தப்பட்ட நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் ஒரு நூலை மாற்றிக்கொள்ள இடந்தருகிறது. 2013-இல் மராக்கேசு நகரில் இதற்கென உருவான உலக ஒப்பந்தத்தை 2014-இல் முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே. ஐயம் தீர்ந்தது; எழுதுவதுதான் தீரவில்லை.

எங்கள் பேத்தி விட்டுச்சென்ற ஆங்கில நூலொன்று எங்களை உண்மையாகவே திணறடித்தது. பாட் ஹட்சின்ஸ் 1968-இல் வெளியிட்ட 'ரோசீஸ் வாக்'. முப்பத்திரண்டே சொற்கள், ஒரே வாக்கியம். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு உணவு நேரத்திற்கு வீடு திரும்புகிறது, அவ்வளவே. ஆனால் படங்களில் ஒரு நரி அதைத் தொடர்ந்து வந்து, பக்கத்துக்குப் பக்கம் அடிபடுகிறது. எழுத்திலோ நரி என்ற சொல்லே கிடையாது. வரிகளை மட்டும் கேட்கும் குழந்தைக்குக் கதையே கிடையாது!

"நரி பாய்கிறது, ஆனால் வாருகோலில் அடிபடப் போகிறது" என்று முதலில் எழுதினோம். அவள் சிரிக்கவில்லை. அடுத்த பக்கத்துச் சிரிப்பை நாங்களே முந்திப் பறித்துவிட்டோம். திருத்தினோம்: "கோழி முன்னே நடக்கிறது. பின்னால் நரி பாய்கிறது. அதற்கு எதிரே தரையில் பல் வைத்த வாருகோல், பற்கள் மேல்நோக்கி." அப்போதும் மௌனம். வாருகோலை அவள் தொட்டறியாள் என்பது பிறகே உறைத்தது. தோட்டத்திலிருந்ததை எடுத்து வந்து, செருப்புக் காலால் பற்களின்மேல் மெல்ல மிதிக்கச் செய்தோம். காம்பு எழுந்து, நீட்டியிருந்த அவள் உள்ளங்கையில் மோதியது. "ஐயோ, நரி மூக்கு!" என்று அவள் சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து ஓடியது.

அந்த உள்ளங்கையைக் கண்டபோது உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில், 921-இல் பொறித்த குடவோலை விதி அது. குடத்திலிருந்து சிறுவன் எடுக்கும் ஓலையை, ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிக்க வேண்டும். அங்குள்ள நம்பிமாரும் அதைப் படிக்க வேண்டும். பள்ளியில் இதைத் தேர்தல் பாடமாகவே நடத்தி வந்தோம். படிப்பவன் தன்னுடையதாக எதையும் சேர்க்கவோ மறைக்கவோ கூடாதென்ற கவலையும் அதிலிருப்பது இந்த நோட்டைப் பிடித்த பின்னரே புலப்பட்டது.

விடுதிக்குத் திரும்பும் நாளன்று, கடைசிப் பக்கம் வரை படித்துக் காட்டினோம். "கோழி ஒன்றும் அறியாமல் வீட்டுக்குள் நுழைகிறது" என்று முடித்திருந்தோம்.

"அதுக்கு எல்லாம் தெரியும் ஆயா. தெரியாத மாதிரி நடிக்குது" என்றாள்.

நாங்கள் இருவரும் நூலை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தோம். பிறகு, 'ஒன்றும் அறியாமல்' என்பதை அடித்துவிட்டு, 'திரும்பிப் பார்க்காமல்' என்று எழுதினோம்.