மிச்சம் பிடிக்கும் வேலை

(இளம் அறிவியல் - இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

"படிச்சு முடிச்சு என்ன வேலைக்குப் போகப் போற?" என்று கேட்காத உறவினர் எவருக்கேனும் உண்டோ? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே கொடை வீடு, கல்யாண வீடு, துட்டி வீடு என்று எங்கே போனாலும் இந்தக் கேள்வி எனக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கும். சென்ற ஆண்டு வரை "டீச்சர்" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இப்போது, "மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வேலை" என்கிறேன். "அதுக்கா காலேசு? சுவிட்சை அமத்துனா போதாதா?" என்றார் என் பெரியம்மா.

பெரியம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மா சம்பளமில்லாமல் பார்த்து வருகிறார். பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் வேலை. மாலையில் வந்ததும் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று எண்ணைப் படித்து, காலண்டரில் குறித்து வைப்பார். 2016-ஆம் ஆண்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவிப்பு வந்த நாளில் தொடங்கிய பழக்கம் இது. "எழுபது ஆயிருச்சு, இன்னும் இருபது நாள் கெடக்கு" என்றால் அன்றிலிருந்து கிரைண்டர் ஓடாது, ஆட்டுரல்தான். 2012-இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் நான் சிம்னி விளக்கில் அ, ஆ எழுதிப் பழகியவள். மின்சாரத்தின் அருமையை எங்களுக்கு எவரும் மேடை போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரத் துறையில் வேலை என்றதும் நம் வகுப்புத் தோழர்கள் கயத்தாறுப் பக்கம் கை நீட்டுகிறார்கள். அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசின் நிலையமும் இருக்கிறது. மின்சாரத்தை உண்டாக்கும் வேலை ஊர் முழுக்கத் தெரியும் உயரத்தில் சுற்றுகிறது. மிச்சம் பிடிக்கும் வேலை எங்கே நடக்கிறது? நான் அதை முதன்முதலாகப் பார்த்தது ஓர் ஆயுத பூசை நாளில்.

என் தந்தை ஒரு நூற்பாலையில் கம்ப்ரசர் அறையில் வேலை செய்கிறார். ஆலையில் நூல் சுற்றும் இயந்திரம் அறுந்த இழையைத் தானே ஒட்ட வேண்டுமானாலும் அழுத்தக் காற்று வேண்டும். அந்தக் காற்றை இரவு பகலாக அனுப்பிக்கொண்டிருப்பது இந்த அறைதான். ஆயுத பூசையன்று குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். நான் பிளஸ் டூ படித்த ஆண்டு, அம்மாவுடன் போயிருந்தேன். காற்றடித்துப் பஞ்சுத் தூசியெல்லாம் துடைத்து, இயந்திரங்களுக்குச் சந்தனம் வைத்து, எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா என்னை ஸ்பின்னிங் பகுதிக்குள் அழைத்துப்போய், "இங்க நின்னு கேளு தாயி" என்றார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. குழாய்களின் இணைப்புகளில், வால்வுகளில், ரப்பர் குழாய் மாட்டியிருந்த இடங்களில், எங்கெங்கோ "ஸ்ஸ்ஸ்" என்ற சத்தம். இயந்திரங்கள் ஓடும்போது அந்த இரைச்சலில் இது எவர் காதிலும் விழாது. அப்பா சோப்பு நுரையைத் தடவி, குமிழி கிளம்பிய இடங்களிலெல்லாம் சாக்பீசால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். பதினோரு வட்டங்கள். பிறகு கம்ப்ரசர் அறைக்குப் போய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். காற்றை எடுப்பவர் எவருமில்லாத நேரத்தில், கம்ப்ரசர் ஒரு நிமிடம் காற்றை நிரப்பியது. இரண்டு நிமிடம் சும்மா ஓடியது. மறுபடியும் ஒரு நிமிடம் நிரப்பியது. "பாத்தியா, மூணுல ஒரு பங்கு சும்மா போகுது" என்றார்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவர் அவர். அந்தக் கணக்கு சரியா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

சென்ற ஆண்டு அந்த ஆலைக்கு வெளியூரிலிருந்து எரிசக்தித் தணிக்கை செய்ய ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். காதுக்குக் கேளாத ஒலியையும் பிடிக்கும் கருவி ஒன்று வைத்திருந்தார்களாம். வந்த இளைஞர் முதல் நாளே அப்பாவிடம் வந்து, "அண்ணாச்சி, எங்கெங்க ஒழுகுது?" என்று கேட்டிருக்கிறார். அப்பா காட்டிய இடங்களிலெல்லாம் மஞ்சள் அட்டை கட்டினார்கள். தணிக்கைக்கு ஆலை கொடுத்த தொகை, அப்பாவின் பல மாதச் சம்பளம். அறிக்கையில் அப்பாவின் பெயர் இல்லை. ஒரு மாதத்தில் குழாய்களை மாற்றிவிட்டார்கள். அப்பா பல ஆண்டுகளாகச் சொல்லியும் நடக்காதது அது.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் எங்கள் பேராசிரியரிடம் போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல், எரிசக்தித் திறன் பணியகம் தேர்வுக்காக வெளியிட்டுள்ள பாடநூலைக் கொடுத்தார். அதில் காற்றழுத்தம் பற்றிய பாடத்தில், அப்பாவின் கைக்கடிகாரக் கணக்கு அப்படியே சூத்திரமாக இருந்தது: நிரப்பும் நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். மூன்றில் ஒன்று, ஏறக்குறைய 33 விழுக்காடு. நல்ல பராமரிப்பு உள்ள இடத்தில் இது 10 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டுமாம்.

அடுத்து ஓர் அட்டவணை. 7 பார் அழுத்தத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று 3 கிலோவாட் மின்திறனை வீணாக்கும். நான் நோட்டின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன். ஒரு நாளுக்கு 72 யூனிட். முப்பது நாளுக்கு 2,160 யூனிட். யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்தால் 15,120 ரூபாய். என் தந்தை மாதம் வாங்கும் சம்பளம் அதைவிடக் குறைவு. சாக்பீஸ் நுனியளவு துளை ஒன்று, அப்பாவைவிடக் கூடுதலாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது!

அப்போதுதான் அந்த இளைஞர் மீதிருந்த கோபம் தணிந்தது. அப்பா "காத்து போகுது" என்று சொன்னார். அவர் "ஆண்டுக்கு இத்தனை லட்சம் ரூபாய் போகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். முதலாளிக்குக் கேட்டது இரண்டாவதுதான். இது சரி என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் பெயரை ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். ஆனால் ஓசையைத் தொகையாக மாற்றும் படிப்பு ஒன்று இருக்கிறது, அதற்கு ஊதியமும் இருக்கிறது என்று தெரிந்தபின் வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

வழி அத்தனை எளிதன்று. 2001-இல் இயற்றப்பட்டு 2002 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ், குறிப்பிட்ட அளவுக்கு மேல் எரிசக்தி செலவிடும் ஆலைகள் சான்று பெற்ற எரிசக்தி மேலாளரை அமர்த்த வேண்டும். சிறு நூற்பாலைகள் அந்த அளவை எட்டா. அவை விரும்பினால்தான் தணிக்கை. சான்று பெறத் தேசிய அளவில் தேர்வு உண்டு: மேலாளருக்கு மூன்று தாள், தணிக்கையாளருக்கு நான்கு. பொறியியல் பட்டதாரி மூன்றாண்டு அனுபவத்துடன் எழுதலாம். டிப்ளமோ படித்தவர் ஆறாண்டு அனுபவத்துடன் எழுதலாம். நம்மைப் போன்ற பி.எஸ்சி.க்கு இடமில்லை! எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, மூன்றாண்டு வேலையும் பார்த்திருந்தால் மேலாளர் தேர்வு எழுதலாம். கூட்டிப் பார்த்தேன். இன்னும் ஓராண்டு, பிறகு இரண்டு, பிறகு மூன்று. அந்த மூன்றாண்டு அனுபவத்தை, நம் ஊரில் ஒரு பெண்ணுக்குக் கம்ப்ரசர் அறையில் எவர் தருவார்? தணிக்கை என்றால் இராப்பொழுதிலும் ஆலைக்குள் நிற்க வேண்டும். "பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன சோலி?" என்று அம்மாவே கேட்கிறார். இராச் சிப்டில் நூல் ஓட்டும் விடுதிப் பெண்களைப் பற்றி எவரும் அப்படிக் கேட்டதில்லை.

வீட்டில் இந்தக் கணக்கைச் சொன்ன அன்று அம்மா பேசவில்லை. தம்பி பத்தாம் வகுப்பு. அவன் படிப்பும் இருக்கிறது. அப்பா சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, "இன்னும் எத்தனை வருசம்னு சொன்ன?" என்றார். நான் சொன்னது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாண்டாக வலது காது மந்தம். கம்ப்ரசர் இரைச்சல் அப்படி. உரக்கச் சொன்னேன். "ஆறா? நான் அந்த ரூமுக்குள்ள இருபத்திரண்டு வருசமா இருக்கேன்" என்றார்.

இந்த ஆண்டு ஆயுத பூசைக்கு மறுபடியும் போனோம். கொண்டைக்கடலையும் பொரியும் வாங்கிக்கொண்ட பின், அப்பா சட்டைப் பையிலிருந்து சாக்பீசை எடுத்து என்னிடம் கொடுத்தார். சென்ற ஆண்டு மாற்றிய குழாய்களிலேயே நான்கு இடங்களில் வட்டம் போட்டேன். மூன்று அவருக்கும் கேட்டது. நான்காவது, வடக்குச் சுவரை ஒட்டிய வால்வில். அவர் இடது காதைத் திருப்பி வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, சோப்பு நுரையைக் கொண்டுவரச் சொன்னார்.