ஆல்டோ பிள்ளைகள்

ஆல்டோ பாடப் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. மெட்டு முழுவதையும் மேல்குரலான ஸோப்ரானோ எடுத்துக்கொண்டு போய்விடும். அதற்குக் கீழே நிற்கும் ஆல்டோவுக்கு மிஞ்சுவது, ஒரே சுரத்தில் நின்று நின்று எப்போதாவது ஒரு படி நகரும் வரி. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை அந்த வரியில் நிற்கவைப்பதுதான் போர்ட் பிளேரில் நான் சந்தித்தவரின் சனிக்கிழமை வேலை. (ஊருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாயிற்று. ஜனங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.)

அவர் கார் நிக்கோபாரில் பிறந்தவர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்கு ‘மாஸ்டர்’. வீட்டில் நிக்கோபாரி, தெருவில் ஹிந்தி, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள். சபையில் இப்படி நான்கு குரலில் பாடும் வழக்கத்தை மாஸ்டரின் சொந்தத் தீவிலேயே போய்க் கேட்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் வெளியாள் கார் நிக்கோபாரில் கால் வைக்கப் பழங்குடிப் பகுதி அனுமதிச் சீட்டு வேண்டும். என்னிடம் அது இல்லை.

இந்தப் பாட்டுக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமன் என்ற தமிழ் உபதேசியார். அவரிடம் படித்த சிறுவன்தான் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன்; புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தவர், 1952இல் இந்தத் தீவுகளின் முதல் மக்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டவர். பாட்டைப் பொறுத்தவரை, நம் தமிழ்ச் சபைகளில் கீர்த்தனை வேறு, பாமாலை வேறு. பாமாலைக்கு ஐரோப்பிய மெட்டு. அந்த மெட்டுகளில் சில 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ‘பழைய நூறாம் சங்கீதம்’ என்று சொல்கிற மெட்டு 1551இல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்தது. இங்கிலாந்தின் தாமஸ் டாலிஸ் போட்ட மாலைப் பாட்டு மெட்டு 1560களில் அச்சேறியது. இதெல்லாம் மறுமலர்ச்சிக் கால இசை என்று நான் சொன்னபோது மாஸ்டர் சிரித்தார்.

“எங்களுக்கு இது தாத்தா பாட்டு.”

அன்றைக்கு எடுத்தது டாலிஸ் மெட்டு. ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகள் ஆரம்பித்து நான்கு சுரம் போனதும், சுவர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அதே மெட்டை முதலில் இருந்து தொடங்க வேண்டும். தொடங்கினார்கள். இரண்டாம் அடியிலேயே சுவர்ப் பக்கம் ஜன்னல் பக்கத்தோடு கலந்துபோனது. மாஸ்டர் திட்டவில்லை. “காதைப் பொத்தாதே. அவங்களைக் கேட்டுக்கிட்டே உன்னுதைப் பாடு” என்றார். பிறகு மறுபடி, மறுபடி. ஒரு தடவை கடைசிவரை ஒட்டாமல், உடையாமல் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் தாங்களே ஆச்சரியப்பட்டுக் கத்தினார்கள். அப்போதுதான் சொன்னார்: “இப்போ செஞ்சீங்களே, இதுக்குப் பேர் கேனன்.”

சொல் கடைசியில் வருகிறது. இதுபோன்ற இசைச் சொற்களுக்கு அட்டை செய்து, ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதி மனப்பாடம் செய்யவைக்கும் பள்ளிகள் உலகில் நிறைய உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இவை தொழிற்சொற்கள், அதிலும் சிறுவர்களுக்கும் உரிய தொழிற்சொற்கள். அக்காலத் தேவாலயங்கள் பலவற்றில் மேல்குரல் பாடியது பையன்கள்தான். பாலஸ்த்ரீனா என்ற பெரும் இசையமைப்பாளரின் பெயர் 1537இல் ரோமில் ஒரு தேவாலயத்தின் பாடகச் சிறுவர் பட்டியலில் இருக்கிறது. அக்காலப் பாட்டில் டெனர் என்ற குரல் பழைய மெட்டை நீட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். மற்ற குரல்கள் அதைச் சுற்றி ஓடும். அதற்கு மேலே நின்றது ஆல்டோ ஆனது, கீழே நின்றது பேஸ் ஆனது. ஆளுக்கு அவரவர் வரி மட்டும் அச்சிட்ட தனிப்புத்தகம். டாலிஸும் அவருடைய சகா வில்லியம் பேர்டும் 1575இல் சேர்ந்து வெளியிட்ட பாடல்கள் அப்படி ஆறு புத்தகங்களாகத்தான் வந்தன. பக்கத்துக் குரல் என்ன பாடுகிறது என்பதைக் காதால்தான் அறிய முடியும். மாஸ்டரும் பிள்ளைகளின் நோட்டில் அவரவர் வரியை மட்டுமே எழுதித் தருகிறார். அந்தப் பழைய புத்தகங்களைப் பற்றிச் சொன்னேன். “முழுசா எழுதினா ஸோப்ரானோவைப் பார்த்துப் பாடிடும்” என்பதுதான் அவர் காரணம்.

நடுவில் கரண்ட் போனது. டீசல் ஜெனரேட்டரை நம்பி இருக்கும் ஊரில் இது செய்தியே அல்ல. கீபோர்டு நின்றது, பாட்டு நிற்கவில்லை. முடிந்ததும் மாஸ்டர் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்தார். பிள்ளைகளை ‘ஆ’ சொல்லச் சொன்னார். கிட்டத்தட்ட அரைச் சுரம் கீழே இருந்தார்கள். “உதர் கயா!” என்று ஒரு வாண்டு ஹிந்தியில் அறிவித்தது, இறங்கிப்போச்சு என்று. வாத்தியம் இல்லாத கோஷ்டி அப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் சறுக்கும். நீண்ட சுரங்களில் மூச்சு தளரும், ஏறும் இடங்களில் படி குறைவாக விழும். இதைச் சொல்லிவிட்டு “வாத்தியம் இல்லாமப் பாடினா அ கப்பெல்லா” என்று அன்றைய இரண்டாவது சொல்லைக் கொடுத்தார்.

மாட்ரிகல், மோட்டெட் என்ற அக்காலப் பாட்டு வகைகளின் பெயர்கள் எல்லாம் எப்போது என்று கேட்டேன். மோட்டெட் பெரியவர்கள் பாடும்போது சொல்வாராம். மாட்ரிகல்? “அது கோயில்ல பாடுறது இல்லையே. காதல் பாட்டு. இவங்களுக்கு எதுக்கு?” நியாயம்தான்.

ஆல்டோ வரிசையில் இருந்த நான்காம் வகுப்புச் சிறுமியிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். “இல்லை ஆன்ட்டி. அடுத்த வாரம் மாத்திடுவாங்க” என்றாள். ஒவ்வொரு வாரமும் இரு வரிசையும் இடம் மாறும். ஸோப்ரானோவிலேயே ஒருத்தியை விட்டுவைத்தால் அவள் காது வளராது என்பது மாஸ்டர் கட்சி. அவருடைய உண்மையான கவலை இந்தச் சின்னப் பிள்ளைகளைப் பற்றியதே அல்ல. குரல் உடைந்து பேஸுக்கு இறங்கும் வயதில் பையன்கள் படிக்க சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் போய்விடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்குக் கீழ்க்குரல் வேண்டும். கார் நிக்கோபாரில் இருக்கும் இரண்டு மைத்துனர்களை வரச் சொல்லியிருக்கிறார். டிசம்பரில் கப்பல் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு.