ராயபுரத்துக்கு ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம்

தீபா கர்மாகர் 2024 அக்டோபரில் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது 31. ஜிம்னாஸ்டிக்ஸில் அது பெரிய வயது. திரிபுராவின் அகர்தலாவில் தட்டைப் பாதத்தோடு பிறந்த பெண் அவர். அப்படிப்பட்ட பாதத்தோடு ஓடிவந்து எம்புவதும், இறங்கிக் கால் ஊன்றுவதும் கடினம். பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தி வருஷக்கணக்கில் அந்தப் பாதங்களைப் பழக்கினார். சரியான கருவி இல்லாத நாட்களில் பழைய ஸ்கூட்டர் பாகங்களை வைத்து எம்புபலகை செய்துகொண்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதே பெண், பலரும் தொடவே அஞ்சும் புரொடுனோவா வால்ட்டை ஆடி 15.066 புள்ளி பெற்று நான்காவதாக வந்தார். வெண்கலம் 0.150 புள்ளியில் கைநழுவியது. முழங்கால் அறுவை, 21 மாதத் தடை எல்லாம் தாண்டி, 2024-இல் தாஷ்கண்டில் ஆசிய ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றார். அதற்குமுன் எந்த இந்தியரும் அதை வென்றதில்லை.

அந்த ஸ்கூட்டர் பலகையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சென்னையில் எங்கள் ராயபுரம்தான் ஞாபகம் வரும். இங்கே தெருவுக்குத் தெரு கேரம் போர்டு உண்டு. ஒரு போர்டு, கொஞ்சம் பவுடர், ஒரு ஸ்ட்ரைக்கர் போதும். நாலு பேர் ஆட, பத்துப் பேர் சுற்றி நின்று கற்றுக்கொள்வார்கள். பக்கத்துச் செரியன் நகரில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றது அந்தச் சூழலில்தான். முதலில் போர்டு வந்தது. பிறகுதான் சாம்பியன் வந்தார்.

ஜிம்னாஸ்டிக்ஸ் அப்படித் தெருவில் வளராது. கரணம் அடிக்கப் பழகுகிறவள் முதலில் விழப் பழக வேண்டும். சிமென்ட் தரையில் விழுந்து பழக முடியாது. மெத்தை வேண்டும், பஞ்சுக்குழி வேண்டும். பின்லாந்தில் வளர்ந்த அழகியல் குழு ஜிம்னாஸ்டிக்ஸில் கையில் எந்தக் கருவியும் கிடையாது. ஆறு முதல் பத்துப் பேர் ஒரே மூச்சாக அசைவார்கள். அதற்கும் 13 மீட்டருக்கு 13 மீட்டர் விரிப்பு வேண்டும். அதை விரிக்க ஒரு கூடம் வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணைத் தயங்காமல் அனுப்ப, பெண் பயிற்சியாளரும் உடை மாற்ற அறையும் வேண்டும்.

நந்தியின் விடாப்பிடியை நான் வணங்குகிறேன். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நந்தி வாய்க்க மாட்டார். ஸ்கூட்டரைக் கழற்றிச் சமாளித்ததை வீரக்கதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தால், கருவி வாங்கித் தரவேண்டிய கடமை மறந்துபோகும்.

மாநகராட்சிக்கும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான்: ராயபுரத்தில் மெத்தை விரித்த ஒரு கூடம் கட்டித் தாருங்கள். மாலையில் எங்கள் பெண்பிள்ளைகளை நாங்கள் அழைத்து வருகிறோம்.