வெனிஸ் நகரின் கீழைத் தெருக்கள்

கடலிடையே நிற்கும் வெனிஸ் நகரின் பெருமையைக் கேள்வியுறாதார் அரியர். அந்நகரிலே சில நாள் தங்கும் வாய்ப்பு எனக்கும் கிட்டியது. முதல் நாள் ஸான் மார்க்கோ சதுக்கத்தைக் காணச் சென்றேன். ஆங்கே நெருக்கத்தின் மிகுதியால், ஆலயத்தைக் கண்டதினும் முன்னின்றோர் முதுகைக் கண்டதே அதிகம்.

மறுநாட் காலை, கூட்டத்திற்கு அஞ்சி, நீர்க்கரையோரமாகக் கிழக்கு நோக்கி நடந்தேன். சிறிது நேரத்தில் கஸ்தெல்லோ பகுதியின் கரிபால்டி வீதி எதிர்ப்பட்டது. இது முன்னர் ஒரு கால்வாய். நெப்போலியன் ஆட்சியின்போது தூர்க்கப்பட்டமையாலேயே இத்துணை அகலமுடையதாயிற்று. அதன் கோடியில், எஞ்சிய கால்வாயிலே, ஒரு படகு காய்கறிக் கடையாக நின்றது. பக்கத்துச் சந்துகளில் வீட்டுக்கு வீடு கயிறு கட்டித் துணி உலர்த்தியிருந்தனர். மோட்டார் வண்டிகள் இல்லாத ஊராதலின், காலடியோசையும் சமையலறைப் பாத்திரங்களின் ஓசையும் தெளிவாய்க் கேட்டன. பாலங்கடந்து அப்பாற் சென்றால் ஸான் பியெத்ரோ ஆலயம். 1807 வரை நகரின் தலைமைக் கோயிலாய் விளங்கிய அதன் முன்றிலில் இன்று புல் வளர்ந்திருக்கிறது. வெள்ளைக் கல்லாலாகிய மணிக்கூண்டு சற்றே சாய்ந்து நிற்கிறது.

நிற்க. இவ்வமைதியில் மகிழ்ந்த என் உள்ளம் மாலையிலே கலங்கிற்று. ரியால்டோ பாலத்தருகே ஒரு மருந்துக்கடையின் சாளரத்தில், நகரில் வாழ்வோர் தொகையைக் காட்டும் மின்பலகை ஒன்று 2008-இல் நிறுவப்பட்டது. அதன் முன் நின்றேன். 1951-இல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரில், 2022-இல் அத்தொகை 50,000-க்குங் கீழே இறங்கிவிட்டது. குடியிருப்பு வீடுகள் பல, பிரயாணிகளுக்கு நாள்வாடகை விடுதிகளாகிவிட்டன.

அன்றிரவு யான் தங்கிய அறையை உற்று நோக்கினேன். அதுவும் ஒரு குடும்பம் வாழ்ந்த வீடே. கதவு நிலையிலே, ஒரு குழந்தையின் உயரத்தைக் குறித்த பென்சிற் கோடுகள் படிப்படியாய் ஏறி, என் மார்பளவில் நின்றுபோயிருந்தன. சாளரத்தின் வெளியே துணிக்கயிறு வெறுமையாய்க் கிடந்தது. கூட்டத்தை வெறுத்து அமைதியைத் தேடிய யானும் அக்கூட்டத்தில் ஒருவனே என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று.

விடுமுறையில் அயலூர் காணச் செல்லும் நண்பர்காள்! மாடமும் கோபுரமும் ஒரு நகருக்கு அணிகலன்களே. ஆங்கு உறைவோரே அதன் உயிர். அமைதியான தெருக்களையும் கண்டு வாருங்கள். ஆங்கே குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். தங்குமிடம் தேடும்போது, அது யாருடைய வீடாயிருந்தது என்று ஒருமுறை வினவுங்கள்.