நான்காம் மாடியில் ஒரு பூந்தோட்டம்

வெள்ளவத்தையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அடுக்குமாடியொன்றின் நான்காம் மாடியில் நாம் வசிக்கின்றோம். யாழ்ப்பாணத்து வளவை விட்டு வந்த அன்னையாருக்குக் கடைப்பூவைச் சாமிக்கு வைக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே, மெக்சிக்கோவிலே தோன்றி நம் மாலைகளிற் புகுந்த நிலச்சம்பங்கியின் கிழங்குகள் பன்னிரண்டை ஊரிலிருந்து கொணர்ந்து, சித்திரையில் மேற்குப் பல்கனியிற் சாடிகளில் ஊன்றினேன்.

ஆனியில் தென்மேற்குப் பருவக்காற்று புகையிரதப் பாதையைத் தாண்டி உவர்த்திவலைகளை வீசிற்று, இலைநுனிகள் கருகின. நானோ, ஆசிரியர்க்கே உரிய பிடிவாதத்தால், மேலும் மேலும் நீர் வார்த்தேன். அன்னையார் ஒரு சாடியைக் கவிழ்த்துக் காட்டினார். அடித்துளை அடைபட்டுக் கிழங்கு அழுகியிருந்தது. ஏழு போயின.

எஞ்சிய ஐந்தையும் அவரே மாற்றி நட்டார். துளையின்மேல் ஓட்டுத்துண்டு, மணல் கலந்த மண், கிழங்கின்மேல் இரண்டங்குலம் மண், மேல்மண் உலர்ந்த பின்னரே நீர். காற்று மிகுந்த நாள்களில் இலைகளை நன்னீரால் கழுவினார். சாடியடியில் வைத்த தட்டு, கீழ்மாடி அயலவரின் துணிகளை முன்னிட்டு!

கார்த்திகையில் ஒரு தண்டு எழுந்தது. சம்பங்கி இரவிலேதான் மிகுதியாக மணக்கும். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த என்னை, "தம்பி, பூத்திட்டுதே?" என்று உள்ளறையிலிருந்து வினவினார். விடியுமுன் கீழ்ப்பூக்கள் இரண்டையும் கொய்து படத்தடியில் வைத்துவிட்டார். பகலொளியில் நான் பார்க்க மொட்டுகளே மிஞ்சின.