கட்டிலுக்கு அடியில் இருபது ஆரஞ்சு

உங்க ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் என்னென்ன கிடக்கிறது என்று ஒருநாள் குனிந்து பாருங்களேன். ட்ரங்க் பெட்டி, ஜோடி தொலைத்த ஒத்தைச் செருப்பு, போன செமஸ்டர் ரெக்கார்டு நோட்டு, அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டில்... என் கட்டிலுக்கு அடியில் ஒரு மஞ்சப்பை கிடந்தது. உள்ளே இருபது ஆரஞ்சு. எட்டாவது நாள் வார்டன் மோப்பம் பிடித்து வந்து நின்றபோதுதான் வெளியே இழுத்தேன். பாதிக்கு மேல் பூசணம்.

எனக்கு ஊர் ஏற்காடு. "ஐயோ, செம ஜாலியா இருக்குமே!" என்று கண்ணை விரிக்கிறீங்களா? நீங்க பார்த்தது ஏரி, படகு, லேடீஸ் சீட், மிளகாய் பஜ்ஜி. நான் சொல்வது அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போகிற நாகலூர் பக்கம். அப்பா காபி எஸ்டேட்டில் மேஸ்திரி. வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். காபிச் செடி, நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறுகிற மிளகுக் கொடி, ஊடாலே ஆரஞ்சு மரங்கள். இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தது 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை என்பார்கள். காபிக்கு நடுவே கமலா ஆரஞ்சு வைப்பது மலைத் தோட்டக்காரர்களின் பழைய கணக்கு. காபி விலை காலை வாரிவிட்டால் பழம் கை கொடுக்கும்.

ஃபர்ஸ்ட் இயர் டிசம்பரில் அப்பா சேலத்துக்கு வந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். லேடீஸ் ஹாஸ்டல் என்பதால் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பையைக் கொடுத்தார். "ஃப்ரெண்ட்ஸுக்கும் குடு கண்ணு" என்றார். அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

ரூமில் பையைக் கவிழ்த்தேன். பழமெல்லாம் சின்னச் சின்னதாக, ஒரு பக்கம் சாய்ந்த கோணல். பாதி மஞ்சள், பாதி பச்சை. தோலில் கறுப்புப் புள்ளி. ஒருத்தி ஒரு சுளையை வாயில் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். "ஏய், இது ஆரஞ்சா, இல்ல நார்த்தங்காயோட தங்கச்சியா?" ரூமே சிரித்தது.

நானும் சிரித்தேன். அவங்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

ராத்திரி போனில் அப்பா, "பழம் எப்படி கண்ணு இருந்துச்சு?" என்றார். "நல்லா இருந்துச்சுப்பா. ஆனா இனிமே தூக்கிட்டு வராதீங்க. இங்க கடையிலயே கிடைக்குது." ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம், "சரி கண்ணு."

அடுத்த வருஷம் அவர் கொண்டுவரவில்லை.

இப்போ சாக்லேட்டுக்கு வருவோம். செகண்ட் இயரில் எங்க டிபார்ட்மென்ட் சார்பாக 'அடுப்பில்லா சமையல்' போட்டிக்கு என்னைத் தள்ளிவிட்டார்கள். இந்தப் போட்டி நடக்காத காலேஜே இருக்காது. உங்களுக்கே தெரியும், பத்து டீமில் ஆறு டீம் பேல்பூரி. மூணு டீம் சாண்ட்விச். ஒரு டீம் வெள்ளரிக்காயைக் குடைந்து கப்பல் விடும். நாங்கள் கொஞ்சம் வித்தியாசமாக ஆரஞ்சு ட்ரஃபிள் செய்வது என்று முடிவு செய்தோம். ட்ரஃபிள் என்பது நிஜத்தில் பிரான்ஸ், இத்தாலிப் பக்கம் மண்ணுக்கு அடியில் விளைகிற காளான் வகை. கோகோ பொடியில் புரட்டிய சாக்லேட் உருண்டையைப் பார்த்தால் மண்ணோடு தோண்டி எடுத்த அந்தக் காளான் மாதிரியே இருக்குமாம். பெயர் ஒட்டிக்கொண்டது.

பொங்கல் லீவில் வீட்டில் ஒத்திகை. சேலத்தில் பேக்கரி சாமான் கடையில் அரை கிலோ டார்க் கம்பவுண்ட் சாக்லேட், மாரி பிஸ்கட், கண்டென்ஸ்டு மில்க், கூடவே ஸ்டிக்கர் ஒட்டிய பளபள ஆரஞ்சு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனேன். ஆமாம் மக்களே, ஆரஞ்சு மரம் நிற்கிற வீட்டுக்குக் கடை ஆரஞ்சு! பையைத் திண்ணையில் வைத்தபோது அப்பா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முதல் ஒத்திகை படுதோல்வி. ஆரஞ்சு ட்ரஃபிள்னா ஆரஞ்சு ஜூஸ் ஊத்தணும்தானே? கரைந்து பட்டு மாதிரி வழிந்த சாக்லேட்டில் ரெண்டு ஸ்பூன் ஜூஸ் விட்டுக் கிண்டினேன். அரை நிமிஷத்தில் மொத்தமும் சிமென்ட் கலவையாக இறுகிவிட்டது. சாக்லேட் என்பது கொழுப்புக்குள் மிதக்கிற கோகோ தூளும் சர்க்கரைத் தூளும். துளித் தண்ணீர் பட்டால் போதும். அந்தத் தூளெல்லாம் நனைந்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பாத்திரத்தில் ஒட்டிய ஈரம், ஆவியிலிருந்து சொட்டுகிற ஒரு துளி... அதுவே கெடுத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், மருந்தும் தண்ணிதான். கொஞ்சமாக விட்டால் இறுகும், தாராளமாக விட்டால் இளகும். அம்மா அடுப்பிலிருந்த சூடான பாலை ஒவ்வொரு ஸ்பூனாக விட விட, அஞ்சாவது ஸ்பூனில் கலவை மறுபடி வழவழவென்று வந்தது. காசு போச்சே என்று அழாமல் முதலில் அதைச் செய்யுங்க.

கலவை பிழைத்தது. ஆனால் ஆரஞ்சு வாசனை? ம்ஹும். பேருக்குக்கூட இல்லை.

"தோலைத் தூக்கிப் போட்டுட்டு வாசனை எங்கடின்னா எங்கேர்ந்து வரும்?" என்றார் அம்மா. ஆரஞ்சுத் தோல் வத்தக்குழம்பு வைக்கிற கை அது. அவருக்குத் தெரிந்தது எனக்குப் புத்தகத்தில்தான் கிடைத்தது. ஆரஞ்சின் வாசனை எல்லாம் தோலின் மேல்புறத்தில் இருக்கிற குட்டிக் குட்டி எண்ணெய்ப் பைகளில். அதில் பெரும்பங்கு லிமோனின் என்கிற பொருள். எண்ணெய் என்பதால் சாக்லேட் கொழுப்போடு சண்டை போடாமல் கலந்துவிடும். எரியும் மெழுகுவத்திக்கு எதிரே தோலை மடித்து அழுத்திப் பாருங்க, தெறிக்கிற எண்ணெய் பொறி பறக்க எரியும். (முகத்தைத் தள்ளி வெச்சுக்கோங்க!) தோலுக்கு உள்பக்க வெள்ளை மட்டும் கசக்கும். அதை ஸ்பூனால் சுரண்டிவிட வேண்டும்.

சரியென்று கடைப் பழத்தை எடுத்தோம். அம்மா நகத்தால் கீறினார். மெல்லிசாக வெள்ளை உரிந்து வந்தது. பளபளப்புக்காகத் தடவுகிற மெழுகு. வெந்நீரில் போட்டுத் தேய்த்தால் போகும், போனது. ஆனால் குளிர்கிடங்கில் கிடந்து கிடந்து வந்த பழத்தில் மிச்சமிருந்தது சோகையான ஒரு வாசனை.

"பின்னாடி மரத்துல இருக்கு. அப்பாவைக் கேளு" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பிக்கொண்டார்.

ஒரு வரி. 'அப்பா, நாலு ஆரஞ்சு வேணும்.' அதைக் கேட்க எனக்கு சாயங்காலம் வரை ஆனது.

அப்பா எதுவும் கேட்காமல் கொடுவாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பள்ளிக்கூடம் போகும்போது ஏழு மரம் நின்ற இடம். ஒன்றுதான் இருந்தது. அதுவும் ஒரு பக்கக் கிளைகள் காய்ந்து சுள்ளியாக. நிற்கிற இலைகளில் மஞ்சள் திட்டு. நான் படிப்பது பாட்டனி. பேத்தாலஜி பேப்பரில் சிட்ரஸ் கேன்கர் நோய்க்குப் பத்து மார்க் விடை மனப்பாடம். அதே புத்தகத்தில் அடுத்த பக்கம் 'கிரீனிங்'. எக்ஸாமுக்கு வராது என்று புரட்டிவிட்ட பக்கம். படம் மட்டும் நினைவிருந்தது. இலை மஞ்சளானால் உடனே அந்த நோய் என்று அர்த்தமில்லை. துத்தநாகச் சத்துக் குறைந்தாலும் மஞ்சளாகும், ஆனால் நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் ஒரே சீராக. கிரீனிங் என்றால் இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி. நான் பறித்த இலை அப்படித்தான் இருந்தது.

சின்னப் பூச்சி ஒன்று சாறு உறிஞ்சும்போது பரப்புகிற பாக்டீரியா அது. மரத்தின் சாறு ஓடும் பாதையை அடைத்துவிடும். மருந்து கிடையாது. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் 2005-ல் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் அங்கே ஆரஞ்சு விளைச்சல் கால்வாசிக்கும் கீழே போய்விட்டது. அவ்வளவு காசும் விஞ்ஞானிகளும் இருக்கிற இடத்திலேயே அப்படி. அந்த நோய் வந்த மரத்தில் பழம் சிறுத்துப்போகும், ஒருபக்கமாகக் கோணும், பழுத்தாலும் பச்சை மாறாது, புளிக்கும். சாப்பிடுகிற மனுஷனை ஒன்றும் செய்யாது. ஆனால் மரம் போய்ச் சேரும்.

சிறுத்த, கோணிய, பச்சை மாறாத பழம். உங்களுக்கு அது எங்கே பார்த்த மாதிரி இருக்கிறது? எனக்கும்தான்.

"அப்பா, இது..." என்று இலையை நீட்டினேன்.

"தெரியும் கண்ணு. மூணு வருஷம் முன்னாடியே தோட்டக்கலை ஆபீசர் வந்து பாத்துட்டு, வெட்டிடுங்கன்னுட்டாரு. மத்ததை வெட்டினேன். இது மட்டும் மனசு வரல."

"நீங்க ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்தது..."

"இதோடதுதான். அந்த வருஷம் மொத்தமே முப்பது காயோ என்னமோ."

முப்பதில் இருபது. நான் மறுபடி அந்த இலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அப்பா நாலு பழம் பறித்துத் துண்டில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

அன்று ராத்திரி கரண்ட் போவதற்குள் மிக்ஸி ஓட்டினோம். அளவு சொல்லிவிடுகிறேன், நீங்களும் செய்வீங்க. நாலு கமலா ஆரஞ்சின் தோல், வெள்ளை சுரண்டியது. கமலாவின் தோல் தளர்ந்திருக்கும், துருவியில் நிற்காது. பொடியாக நறுக்கி ரெண்டு ஸ்பூன் சர்க்கரையோடு அரைத்தால் எண்ணெய் முழுக்க சர்க்கரையில் இறங்கிவிடும். 200 கிராம் சாக்லேட்டைப் பொடிப்பொடியாகச் சீவிக் கரைத்து, சூடான பால் அஞ்சாறு டேபிள்ஸ்பூன், கண்டென்ஸ்டு மில்க் நாலு ஸ்பூன், அப்புறம் அந்த ஆரஞ்சுச் சர்க்கரை. கடைசியாக 200 கிராம் மாரி பிஸ்கட் தூள். சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, கோகோ பொடியில் புரட்டினால் முப்பது உருண்டை வரும். ஃப்ரிட்ஜ் வேண்டுமா? எங்க ஊர் ஜனவரி ராத்திரிக்கு ஜன்னலோரமே போதும். போட்டியில் அடுப்பு கூடாது என்பதால் ஒரு பிளாஸ்கில் வெந்நீர், ஒன்றில் பால். வெந்நீர்க் கிண்ணத்தின் மேல் சாக்லேட் கிண்ணம். ஆவி வெளியே வராமல் மேல் கிண்ணம் பெரிதாக இருக்கட்டும், துளி சொட்டினால் கதை உங்களுக்கே தெரியும்.

பிப்ரவரி முதல் வாரம் போட்டி. அதற்கும் அந்த மரத்துப் பழம்தான்; முந்தின சனிக்கிழமை நானே ஊருக்குப் போய் எடுத்து வந்தேன். இந்த முறை பை கட்டிலுக்கு மேலே இருந்தது. 'நார்த்தங்காயோட தங்கச்சி' புகழ் தோழிதான் உட்கார்ந்து தோலில் வெள்ளை சுரண்டினாள்.

ஜட்ஜ் மேடம் ஒரு உருண்டையை வாயில் போட்டார். இன்னொன்றை எடுத்தார். "எசென்ஸ் எந்த பிராண்டும்மா?" என்றார். நாலு நிமிஷம் பேசத் தயாரித்து வைத்திருந்த எனக்கு, "எங்க வீட்டு மரம் மேம்" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. ரெண்டாவது பரிசு. முதல் பரிசு பேல்பூரிக்கு. நான் அதைப் பற்றி எதுவும் சொல்வதாக இல்லை!

ஆறு உருண்டையை டிபன் பாக்ஸில் ஒளித்து வைத்தேன். அடுத்த நாள் மதியம் ஏற்காடு பஸ். நிஜ சாக்லேட்டில் இருக்கிற கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும், அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. கம்பவுண்டில் வேறு தாவரக் கொழுப்பு, கொஞ்சம் தாங்கும் என்று நம்பினேன். சேலம் வெயிலில் நின்ற பஸ்ஸில் மடிச்சூட்டுக்கு அதுவும் தாங்கவில்லை. அடிவாரத்தில் திறந்து பார்த்தபோது ஆறும் ஒன்றாகக் குழைந்து கிடந்தது. மலை ஏற ஏற, சுமார் 1,200 மீட்டருக்கு எட்டு டிகிரி போலக் குளிர் கூடும். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து ஏரி தெரிகிறபோது மறுபடி இறுகியிருந்தது. டிபன் பாக்ஸ் வடிவத்தில், ஒரே கட்டி.

அப்பா அதைக் கத்தியில் உடைத்து ஒரு துண்டை வாயில் போட்டார். சாக்லேட் பழக்கமில்லாதவர். மெதுவாக மென்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தோல் வாசனை வருது" என்றார்.

"நல்லா இருக்காப்பா?"

"எத்தனை பழம் போட்ட?"

"நாலு."

இன்னொரு துண்டை உடைத்து அம்மாவிடம் நீட்டிவிட்டுச் சொன்னார். "மரத்துல இன்னும் பதினொண்ணு இருக்கு கண்ணு. போறப்ப எடுத்துட்டுப் போ."