பிள்ளைகளுக்கான படமா, பெற்றோருக்கான படமா?



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் தவறாமல் ஒரு கேள்வியைக் கேட்பர். “சார், பிள்ளைங்களோட உட்கார்ந்து பாக்குற மாதிரி நல்ல படம் இருந்தா சொல்லுங்களேன்.” இதற்கு உடனே பதில் சொல்லிவிட முடிவதில்லை. பிள்ளைகளைப் பற்றிய படங்கள் எல்லாம் பிள்ளைகளுக்கான படங்கள் ஆகிவிடா. அவற்றுள் சில, பெற்றோரும் ஆசிரியரும் முதலில் தாங்களே பார்த்துச் சிந்திக்க வேண்டியவை. அத்தகைய படங்கள் நான்கினை ஒப்பிட்டு, பதின்ம வயதையும் குடும்பத்தையும் அவை எவ்வாறு காட்டுகின்றன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டுத் திரைப்படங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அங்கே பள்ளிச் சீருடையில் தோன்றும் கதைமாந்தர் பெரும்பாலும் காதலிப்பதற்காகவே தோன்றுகின்றனர். 2002ஆம் ஆண்டு வெளிவந்த ‘துள்ளுவதோ இளமை’கூட, வீட்டில் அன்பு கிட்டாத மாணவர்கள் வெளியேறுவதைத்தான் சொல்ல வந்தது. ஆனால், அப்படத்தைப் பற்றிப் பேசியவர்கள் அந்த வீடுகளைப் பற்றிப் பேசியது குறைவு. 2009இல் பாண்டிராஜ் இயக்கிய ‘பசங்க’ ஒரு நல்ல விதிவிலக்கு. தன் பெயருக்குப் பின்னால் ஐ.ஏ.எஸ். என்று சேர்த்துச் சொல்லிக்கொள்ளும் அன்புக்கரசு, தாய் தந்தையின் ஓயாத சண்டைக்கு நடுவே வளர்வதை அப்படம் மறைக்காமல் காட்டியது.

இருப்பினும், நம் பிள்ளைகள் வளர்வது இந்த மண்ணில். அடுக்குமாடி வீடும், ஆலையின் இரவு நேர வேலையும், பல மொழிகள் கலந்த பள்ளித் திடலும் அவர்களின் உலகம். ஆகவே, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எடுக்கப்பட்ட படங்களையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, சிங்கப்பூர் இயக்குநர் அந்தோணி சென் 2013இல் தந்த ‘இலோ இலோ’. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் அறிமுக இயக்குநருக்குரிய ‘கேமரா தோர்’ விருதினை இது வென்றது. தைவானின் தங்கக் குதிரை விருதுகளில் சிறந்த படமாகவும் தேர்வு பெற்றது. படத்தின் சீனப் பெயருக்குப் பொருள், ‘அப்பா அம்மா வீட்டில் இல்லை’ என்பதாகும். அந்தப் பெயரிலேயே கதை அடங்கிவிடுகிறது எனலாம்.

காலம் 1997. ஆசியப் பொருளாதார நெருக்கடி. தந்தை விற்பனை வேலையை இழக்கிறார். அதை மனைவியிடம் சொல்லாமல் மறைக்கிறார். கருவுற்றிருக்கும் தாய், தன் அலுவலகத்தில் மற்றவர்களுக்கு வேலைநீக்கக் கடிதங்களைத் தட்டச்சு செய்கிறார். மகன் ஜியாலே இன்னும் பதின்ம வயதை எட்டாத தொடக்கப்பள்ளி மாணவன். அடங்காத பிள்ளை. லாட்டரி முடிவுகள் வெளியான செய்தித்தாள் துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எண்களை ஆராய்ந்துகொண்டிருக்கிறான். நம் வீடுகளில் ‘நாலு நம்பர்’ எடுக்கும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இக்காட்சி புதிதன்று. பிலிப்பீன்சிலிருந்து பணிப்பெண்ணாக வரும் தெரேசாவை முதலில் பாடாய்ப்படுத்துகிறான். பிறகு அவளிடம்தான் ஒட்டிக்கொள்கிறான். அதைக் கண்ட தாய் மனம் புழுங்குகிறாள். குடும்பத்தின் வருமானம் சுருங்கியதும் அந்தப் பெண் ஊருக்குத் திரும்ப வேண்டியதாகிறது. தன்னை வளர்த்தெடுத்த ஒருத்தியை இழப்பதே அச்சிறுவனின் முதல் பெரிய இழப்பு.

இப்படத்தில் கெட்டவர் எவருமில்லை. தந்தை கோழை அல்லர். தாய் கொடியவள் அல்லள். இருவரும் களைத்தவர்கள். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் ஒரு வீட்டின் இறுக்கத்தைக் காட்டியதே இதன் சிறப்பு.

இரண்டாவது, ஜேக் நியோ இயக்கி 2006இல் வெளிவந்த ‘ஐ நாட் ஸ்டுப்பிட் டூ’. இதுவும் சிங்கப்பூர்ப் படமே. ஆனால் போக்கு முற்றிலும் வேறு. பதினைந்து வயது டாம், அவனுடைய எட்டு வயதுத் தம்பி ஜெர்ரி, டாமின் நண்பன் செங்சாய் ஆகிய மூவரைச் சுற்றிக் கதை நகர்கிறது. டாமின் பெற்றோர் வசதியானவர்கள். பிள்ளைகளோடு பேச நேரமில்லாதவர்கள். பேசினாலும் குறை மட்டுமே சொல்பவர்கள். தந்தையின் ஒரு மணி நேரம் எவ்வளவு பெறும் என்று அறிந்துகொண்ட ஜெர்ரி, அந்த ஒரு மணி நேரத்தை விலைக்கு வாங்கப் பணம் சேர்க்க முற்படுகிறான். மறுபக்கம் செங்சாயின் தந்தை சிறை சென்று வந்தவர். மகனிடம் அன்பு உண்டு, அதைச் சொல்லத் தெரியவில்லை, கைதான் முந்திக்கொள்கிறது.

ஜேக் நியோ ஓர் ஆசிரியரைப் போலப் படம் எடுக்கிறார். நோயைச் சொல்கிறார், மருந்தையும் சொல்கிறார். பிள்ளைகளைப் பாராட்டுங்கள், நேரம் ஒதுக்குங்கள், மனம் விட்டுப் பேசுங்கள் என்பதே மருந்து. திரையரங்கில் கண்ணீர் வருகிறது. வீட்டுக்கு வந்தபின்தான் ஒரு வினா எழுகிறது. இரண்டு வேலை பார்க்கும் தந்தை எங்கிருந்து நேரம் ஒதுக்குவார்? ‘இலோ இலோ’ எழுப்பும் இந்த வினாவுக்கு ஜேக் நியோவின் படத்தில் விடையில்லை.

இவ்விரு படங்களிலும் பொதுவான காட்சி ஒன்று உண்டு. மாணவர் அனைவரும் பார்த்திருக்க, ஒரு சிறுவன் பிரம்படி பெறுகிறான். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆண் மாணவர்களுக்கு மட்டும் இத்தண்டனை அனுமதிக்கப்பட்டுள்ளது என்பதை நாம் அறிவோம். டாம் அடிவாங்கும்போது படம் நம்மை அழச் சொல்கிறது. ஜியாலே அடிவாங்கும்போது படம் ஒன்றுமே சொல்வதில்லை. ஆசிரியர்களாகிய நாம் எந்தக் காட்சியில் அதிகம் சங்கடப்படுகிறோம் என்று எண்ணிப் பார்த்தல் நலம். எனக்கு இரண்டாவதுதான். அங்கே அழுது மனத்தை ஆற்றிக்கொள்ளவும் வழியில்லை.

மூன்றாவது படம் நம்முடையது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் திரைகண்ட ‘ஜகாட்’. அடுத்த ஆண்டு நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதினைப் பெற்ற தமிழ்ப்படம் இது. கெட்டது என்று பொருள்படும் மலாய்ச் சொல் நம்மவர் வாயில் மருவி இப்பெயராயிற்று. 1991இல் கதை நிகழ்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபின், தோட்டத்தை விட்டு வெளியேறி, நகரத்தின் ஓரங்களில் ஒதுங்கிய குடும்பங்களுள் ஒன்று அப்போயின் குடும்பம்.

பன்னிரண்டு வயது அப்போய் குறும்புக்காரன், ஆட்டத்திலும் திரைப்படத்திலும் மனத்தைப் பறிகொடுத்தவன், கற்பனை மிக்கவன். தந்தை மணியத்துக்கு அதெல்லாம் பொருட்டில்லை. மகன் படித்து முன்னேற வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அவர் அறிந்த வழி கண்டிப்பும் அடியும். ஒரு சிற்றப்பன் போதையில் விழுந்து எழுந்தவன். இன்னொருவன் ‘மெக்சிகோ’ என்று அழைக்கப்படும் குண்டர் கும்பல் ஆள். வீட்டில் தந்தையின் சொல்லுக்கு அஞ்சும் சிறுவனுக்கு, வெளியே மெக்சிகோவுக்குக் கிடைக்கும் மதிப்பு கண்ணில் படாமல் இருக்குமா?

குண்டர் கும்பலைப் பற்றி நம் சமுதாயத்தில் நடக்கும் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. ‘பிள்ளை கெட்டுப்போனான்’ என்பதே அங்கெல்லாம் முடிவாக இருக்கும். கெட்டுப்போவது என்பது ஒரே நாளில் நடப்பதன்று; பல சிறு கதவுகள் ஒவ்வொன்றாக அடைபடுவது என்பதை ‘ஜகாட்’ பொறுமையாகக் காட்டுகிறது. மணியத்தின் கோபத்துக்குப் பின்னால் தோட்டத்தை இழந்த ஒரு தலைமுறையின் அச்சம் இருக்கிறது. தானும் தன் தம்பிகளும் இழந்ததை மகனாவது பெற வேண்டும் என்னும் தவிப்பு அடியாக இறங்குகிறது. மகனுக்கோ அடி மட்டும்தான் தெரிகிறது, தவிப்பு தெரிவதில்லை. யாரும் அதை அவனுக்குச் சொல்வதில்லை.

நான்காவது, யாஸ்மின் அகமதுவின் ‘டேலண்டைம்’. 2009 மார்ச்சில் இது வெளியானது. அதே ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார். இடைநிலைப்பள்ளி ஒன்றில் நடக்கும் திறன் போட்டியே கதைக்களம். மெலூர் என்னும் மாணவியைப் பயிற்சிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிச்செல்லும் பொறுப்பு மகேசுக்குத் தரப்படுகிறது. மகேஸ் காது கேளாத, பேச இயலாத தமிழ் இளைஞன். கணவரை இழந்த தாய், அக்காள், மாமா ஆகியோரைக் கொண்டது அவன் குடும்பம். ஹாபிஸ் என்னும் மாணவனின் தாய் மூளைக் கட்டியால் மருத்துவமனையில் கிடக்கிறார். முதல் மதிப்பெண் தவறினால் தந்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கும் காஹோ, ஹாபிஸின் மீது பொறாமை கொள்கிறான்.

மெலூரின் வீட்டில் சிரிப்பொலி ஓய்வதில்லை. தந்தையும் மகள்களும் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்கின்றனர். மகேஸின் வீட்டில் ஒரு மரணம் நிகழ்கிறது. அதன்பின் அந்தத் தாயின் துயரம், வேற்றுச் சமயத்தைச் சேர்ந்த பெண்ணை வெறுக்கும் சினமாக மாறுகிறது. யாஸ்மின் அத்தாயை இழித்துக் காட்டவில்லை. அவளுடைய வலியையும் காட்டுகிறார்; அவ்வலி மகனின் தோளில் சுமையாய் இறங்குவதையும் காட்டுகிறார். நான்கு படங்களுள், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருக்க முடியும் என்பதைக் காட்டுவது இதுவே. இறுதியில் மேடையில் பாடும் ஹாபிஸின் அருகே காஹோ தன் சீன இசைக்கருவியுடன் வந்தமர்கிறான். மன்னிப்பு என்ற சொல் அங்கே தேவைப்படவில்லை.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். பிள்ளையின் மாற்றத்துக்கு ஜேக் நியோ பெற்றோரின் சொற்களைக் காரணமாக்குகிறார். அந்தோணி சென் பிழைப்பின் நெருக்கடியைக் காட்டுகிறார். சஞ்சய் குமார் வரலாற்றைக் காட்டுகிறார். யாஸ்மின் துயரத்தைக் காட்டுகிறார். நான்கிலும் பொதுவானது ஒன்று. பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைப்பதே பிள்ளைகளை மிகுதியாகப் பாதிக்கிறது.

ஒருமுறை பெற்றோர் சிலருடன் ‘இலோ இலோ’ குறித்துப் பேசிக்கொண்டிருந்தேன். வேலை போனதை அந்தத் தந்தை மறைத்தது சரியா என்று கேட்டேன். பலரும் சரி என்றனர். குடும்பம் கலங்கக் கூடாதே என்றனர். பாதுகாவலராக இரவு வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் தலையசைத்து மறுத்தார். “சார், நான் ஒரு தடவ மூணு மாசம் வேலை இல்லாம இருந்தேன். வீட்ல யாருக்கும் சொல்லல. எம்மவ அப்ப நாலாம் ஆண்டு. அந்த மூணு மாசமும் அவ கேன்டீன் காசே கேக்கல சார். இப்பதான் சொல்றா, பசிக்கலன்னு பொய் சொன்னாளாம்” என்றார். அதன்பின் அக்கூடத்தில் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

அந்தச் சிறுமியை எண்ணும்போதுதான் இப்படங்களின் பெரிய குறை ஒன்றும் எனக்குப் புலப்பட்டது. ஜியாலே, டாம், செங்சாய், அப்போய் ஆகிய அனைவரும் ஆண்பிள்ளைகள். அடம்பிடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், ஓடுகிறார்கள், ஆகவே படமாகிறார்கள். யாஸ்மின் மட்டுமே மெலூரையும், தம் முந்தைய படங்களில் ஓர்கெட்டையும் நடுநாயகமாக வைத்தார். அவர்களும் அன்பு பொங்கும் வீட்டில் பிறந்த பேறுபெற்றவர்கள். தம்பி தங்கையரைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானும் வந்து கடைசி வரிசையில் அமைதியாக உட்காரும் பெண்பிள்ளையை நம் வகுப்புகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அவள் தொல்லை தருவதில்லை. கட்டொழுங்கு ஆசிரியரின் பட்டியலில் அவள் பெயர் இருப்பதில்லை. அவள் வளர்ந்துகொண்டிருப்பதை நாமும் கவனிப்பதில்லை; திரைப்படமும் கவனிப்பதில்லை. அவளைப் பற்றி ஒரு தமிழ்ப்படம் இந்நாட்டில் எடுக்கப்பட வேண்டும் என்பது என் அவா.

ஆறாம் ஆண்டு முடித்துப் புகுமுக வகுப்புக்கோ படிவம் ஒன்றுக்கோ செல்லும் பிள்ளை, அதுவரை பழகிய தமிழ்ப்பள்ளியை விட்டுப் பெரிய, அந்நியமான ஒரு வளாகத்துக்குள் நுழைகிறது. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. அந்தத் தாவல் மட்டும் அகலவில்லை. அப்போய் தடுமாறியது ஏறக்குறைய இதே வயதில்தான். அவ்வேளையில் பிள்ளைக்கு அறிவுரை எல்லாத் திசையிலிருந்தும் கிடைக்கும். வீட்டின் உண்மை நிலையை அதன் வயதுக்கேற்ற சொற்களில் எடுத்துச் சொல்ல ஒருவர் கிடைப்பது அரிது.

ஆகவே, பெற்றோர்களே, இப்படங்களை முதலில் நீங்கள் பாருங்கள். ‘டேலண்டைம்’ படத்தை இடைநிலைப்பள்ளியில் பயிலும் பிள்ளைகளுடன் சேர்ந்து பார்க்கலாம். ‘ஜகாட்’டில் வன்முறை உண்டு, பிள்ளையின் பக்குவமறிந்து முடிவு செய்யுங்கள். படம் முடிந்ததும் “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது எங்கள் வகுப்பறைக் கேள்வி. பிள்ளை எங்களுக்குச் சொல்லும் பதிலையே உங்களுக்கும் ஒப்பிக்கும். “இந்தப் படத்தில் வரும் அப்பாவிடம் நீயாக இருந்தால் என்ன கேட்டிருப்பாய்?” என்று கேளுங்கள். விடை உடனே வராமற்போகலாம். இரண்டு நாள் கழித்துச் சோறு உண்ணும்போது வரலாம். வரும்போது, கையிலிருக்கும் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டால் போதும்.